விளக்கம் பெறப்படவில்லை

முதலாவது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது தை மாதம், மில் வாசலில் நான் எழுதிய பேச்சை அவன் பேசினான். இரண்டாவது, எண்பதாம் வருஷம் மே தினம், நான் கட்டிய கோஷத்துக்கு ஊர் அவன் பெயரை வைத்தது. மூன்றாவது, எண்பத்தொன்று ஆவணி, என் கல்யாணப் பந்தலில் பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளை என்று நினைத்து மாலையோடு போனார்கள். நான்காவது, எண்பத்து மூன்று கார்த்திகை, என் கைக்குழந்தை அவன் குரல் கேட்டு அழுகையை நிறுத்தியது, என் குரல் கேட்டு ஆரம்பித்தது. ஐந்தாவது, எண்பத்து நான்கு ஆடி, தடியடியில் அவனுக்கு நெற்றியில் விழுந்தது, எனக்கு முதுகில் விழுந்தது. ஆறாவது, அதே ஆடி, ஏழு பேருக்கு மெமோ கொடுத்து ஆறு பேரை வைத்துக்கொண்டு அவனை மட்டும் வேலையிலிருந்து நீக்கினார்கள். அவன் தியாகி ஆகிவிட்டான். ஏழாவது, இந்த வருஷம் மாசி, அவன் செத்துப்போனான்.

சிரிக்கிறீர்கள். செத்துப்போனது எப்படி எனக்குச் செய்த அநியாயம் ஆகும் என்று நினைக்கிறீர்கள். அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நீங்களும் பட்டியலில் சேர்த்திருப்பீர்கள்.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள், காகிதம் பறக்கிறது. நீங்கள் தென்காசி வரைக்கும் போவதாகச் சொன்னீர்கள் அல்லவா? நான் ராஜபாளையத்தில் இறங்கிவிடுவேன். பஸ் இப்போதுதான் கல்லுப்பட்டி தாண்டியிருக்கிறது, நேரம் இருக்கிறது. பெயர் கேட்டீர்கள், அதைப் பிறகு சொல்கிறேன். எங்கள் மில்லில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நோட்டீஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். சங்கத்தின் துண்டு நோட்டீஸ் முழுவதையும் இருபத்தெட்டு வருஷம் நான்தான் எழுதினேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவன் நான். அடுத்தவர் எழுதிய நோட்டீஸைப் படித்துப் படித்து, பிறகு நானே எழுதிக் கற்றுக்கொண்டேன். அதனால்தான் என் பேச்சே நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று என் மனைவி இருளாயி சொல்வாள். "கொழம்புல உப்பு இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய அறிக்கை" என்பாள்.

அவன் என்று சொன்னேனே, அவன் பெயர் சவரிமுத்து. அவனும் நானும் நூல் நூற்கிற ரிங் பிரேம் பிரிவில் ஒரே ஷிப்டு. இன்றைக்கு நாலு மணிக்கு, பழைய மில் வாசலில் அவனுக்குப் படத்திறப்பு. பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் என் கைக்கு வருகிறது. அவன் செத்த பிறகுதான் வருகிறது, கவனியுங்கள்.

முதலாவதை விளக்கிவிடுகிறேன். அந்தத் தை மாதம் மில்லுக்குள் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு முதல் வாயிற்கூட்டம். பேச்சை நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போய்ச் சாய டிரம் மேல் ஏறி நின்றேன். கீழே முந்நூறு முகம். "தோழர்களே" என்று வாயைத் திறந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டாவது தடவை திறந்தேன், காற்றுதான் வந்தது. எவனோ பின்னாலிருந்து "அண்ணே, ரேடியோல ஸ்டேஷன் புடிக்கல" என்று கத்தினான். முந்நூறு பேரும் சிரித்தார்கள். கூட்டத்திலிருந்து ஒருத்தன் தாவி ஏறினான். என் கையிலிருந்த காகிதத்தை வாங்கினான், வாசித்தான். எழுத்து மாறாமல் வாசித்தான். ஆனால் அது நான் எழுதியது மாதிரியே இல்லை. சாப்பாட்டுத் தூக்கோடு நின்ற பெண்கள் அழுதார்கள். அன்றைக்குப் பிடித்தது இந்த ஏற்பாடு. எழுதுவது நான், பேசுவது அவன். கைதட்டு அவனுக்கு. எனக்கு விரலில் மை.

நோட்டீஸின் அடியிலாவது என் பெயர் இருந்ததா? இல்லை. 'போராட்டக் குழு' என்றுதான் இருக்கும். பெயர் போட்டால் மறுநாள் வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் கூப்பிட்டுவிடுவார்கள், வேலை போய்விடும். அதனால் வேண்டாம் என்று நானே சொன்னேன். சரி, நான் வேண்டாம் என்றேன். அவன் வற்புறுத்தியிருக்கக் கூடாதா?

வரிசை முக்கியம், தேதி மாறக்கூடாது. இது எனக்கு மெமோவில் பழகியது. உங்களுக்கு மில் வேலை தெரியாது, சொல்கிறேன். தொழிலாளி மேல் நிர்வாகம் குற்றம் சாட்டினால் முதலில் மெமோ வரும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். தராவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு நேராக வேலை நீக்கம். தந்தால் உள் விசாரணை நடக்கும். இரண்டு சாட்சி முன்னால் டோக்கன் எண், பிரிவு, தகப்பன் பெயர், சொந்தப் பெயர் எல்லாவற்றையும் சத்தமாக வாசிப்பார்கள். "நான்தான்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு வழக்காடலாம், இழுக்கலாம், சமரசத்துக்கு வரலாம். ஆகவே எல்லாம் அந்த விளக்கத்தில்தான் இருக்கிறது. மில்லில் அத்தனை பேருக்கும் விளக்கம் எழுதியது நான். தூங்கியவனுக்கும் எழுதியிருக்கிறேன், மேஸ்திரியை அடித்தவனுக்கும் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முதல் வரி ஒன்றுதான். 'குற்றச்சாட்டு முழுவதையும் மறுக்கிறேன்.' முழுவதையும் என்ற சொல்தான் உயிர். ஒரு துளி ஒப்புக்கொண்டாலும் அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்துவிடுவார்கள்.

அதே வரிதான் போன மாசம் எனக்கு வம்பாக வந்தது.

என் மகள் பெயர் விடுதலைச்செல்வி. எல்லோரும் செல்வி என்றே கூப்பிடுகிறார்கள், விடுதலையை யாரும் சீண்டுவதில்லை. அவள் வீட்டில், திருமங்கலத்தில்தான் நானும் இருளாயியும் இருக்கிறோம். சவரி செத்த பிறகு எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. பால்காரனோடு சண்டை, பேப்பர் போடுகிறவனோடு சண்டை, டிவியில் செய்தி வாசிக்கிறவனோடுகூடச் சண்டை. "அப்பா, நீங்க யார் மேலயோ இருக்கிற கோவத்த எங்க மேல காட்டுறீங்க" என்றாள். தையல் கடை மாடியில் பத்து ஞாயிற்றுக்கிழமை ஒரு வகுப்பு நடக்கிறது, தன்னை அறிந்துகொள்ளும் பயிற்சியாம், நிறைவாக வாழலாமாம், போங்கள் என்றாள். நான் போனேன். எதற்கு? எதிர்க்கத்தான். முதல் வகுப்புக்கே நோட்டீஸ் அடித்துக்கொண்டு போனேன். 'தன்னை அறிதல் யார் நலனுக்கு? ஐந்து கேள்விகள்.' எல்லோருக்கும் விநியோகித்தேன்.

வகுப்பு எடுக்கும் அம்மா பெயர் திலகவதி. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போடுகிற குரல்தான் இப்போதும். என் நோட்டீஸை முழுக்க வாசித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கு. கீழ பேர் இல்லையே?"

"நோட்டீஸில் பெயர் போடும் வழக்கம் இல்லை."

"அப்ப இது யாரோட நினைப்பு?"

போராட்டக் குழு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் குழுவில் ஏழு பேரில் நான் ஒருவன்தான் மிச்சம்.

அங்கே ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருத்தர். இரண்டாம் வாரமே, தம்பியோடு பேச்சு வார்த்தை இல்லாததைச் சொல்லி அழுதுவிட்டார். எல்லோரும் போய் அவர் தோளைத் தட்டினார்கள். ஒரு பெண்மணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுவதற்கும் ஒரு தொண்டை வேண்டியிருக்கிறது பாருங்கள்.

மூன்றாம் வாரம் ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். நடுவில் கோடு. இடது பக்கம், 'எனக்குச் செய்யப்பட்டது.' வலது பக்கம், 'அன்றைக்கு நான் செய்தது.' இடது பக்கம் எனக்குப் பத்து நிமிஷம் ஆகவில்லை. ஏழு வரி, தேதியோடு. போஸ்ட் மாஸ்டர் இன்னும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். வலது பக்கமும் எழுதி முதல் ஆளாக நீட்டினேன்.

திலகவதி அம்மா பார்த்தார். ஏழு வரிக்கும் எதிரில் ஏழு தடவை ஒரே வாக்கியம். குற்றச்சாட்டு முழுவதையும் மறுக்கிறேன்.

"ஐயா," என்றார், "உங்க மேல இங்க யாரும் குற்றமே சொல்லலையே."

நோட்டுப் புத்தகத்தை மூடி மடக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான்காம் வாரம் போகவில்லை. ஐந்தாம் வாரமும் போகவில்லை. இருளாயி கேட்டாள், "அங்கயும் ஸ்டிரைக்கா?"

கிருஷ்ணன்கோவில் வந்துவிட்டது. அந்தக் கொய்யாக் கூடை அம்மாவுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள், கூடையைக் காலடியில் வைக்கட்டும். வையுங்கள் அம்மா, பரவாயில்லை.

ஆறாவதுக்கு வருகிறேன். மற்றதெல்லாம் எறும்புக்கடி, இதுதான் விஷயம். ஆளுக்கு நான்கு சைடு, அதாவது மெஷினில் நான்கு பக்கம், பார்த்துக்கொண்டிருந்தோம், எண்பத்து நான்கில் ஆறு சைடு பார்க்கச் சொன்னார்கள். ஐம்பது நாள் ஸ்டிரைக். கடைசி வாரம் வாசலில் தடியடி. சவரிக்கு நெற்றி பிளந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல். எனக்கு முதுகில் ஒரு பட்டை. நெற்றியில் பட்டவனை ஊர் கும்பிடுகிறது, முதுகில் பட்டவனை ஊர் ஒரு மாதிரி பார்க்கிறது. யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை, அதுதான் கொடுமை. திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏழு பேருக்கும் மெமோ. வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்குள் விளக்கம் தர வேண்டும்.

ஏழு விளக்கமும் நான்தான் எழுதினேன். கார்பன் தாள் வைத்து, ஒவ்வொருவருக்கும் மூன்று பக்கம். சவரியிடம் கையெழுத்து வாங்க புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலைக்கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வார்டே அவனைச் சுற்றி இருந்தது. ஆரஞ்சுப் பழமாகக் குவிந்து கிடந்தது. காகிதத்தை நீட்டினேன். வாசிக்கவே இல்லை, கையெழுத்துப் போட்டான்.

"படிச்சுப் பாருப்பா" என்றேன்.

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும் நோட்டீஸ். எப்பவும் வாசிக்கிறது நான்தானே, இன்னைக்கு ஒரு நாள் லீவு."

சிரித்தான். வார்டே சிரித்தது.

வியாழன் மத்தியானம் மூன்று மணி. ஏழு விளக்கத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டைம் ஆபீசுக்கு நடக்கிறேன். எதிரே கூட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை விட்டுவிட்டார்கள், தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வெள்ளைத் தலைக்கட்டு, கழுத்தில் மாலை. கோஷம் போடுகிறார்கள். என் கோஷம். நான் கட்டியது, 'நாலு கைக்கு ஆறு வேலை நாங்கள் பார்க்க மாட்டோம்' என்பது. ரோட்டின் நடுவில் நான் நிற்கிறேன். ஒரு தடியன் என் மார்பில் கை வைத்து ஒதுக்கினான். "பெருசு, ஓரமா நில்லு. அண்ணன் வர்றாரு." பெருசு! எனக்கு அப்போது முப்பது வயது. சவரியைவிட இரண்டு மாசம் இளையவன்.

சாக்கடை ஓரத்தில் நின்றேன். என் நெஞ்சுக்கு மேல், சட்டைப் பையில், அந்தத் தோளில் போகிறவனுடைய வேலை இருந்தது.

டைம் ஆபீஸில் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கினேன். ஆறு. கிளார்க் நிமிர்ந்து பார்த்தான். "ஏழு மெமோ போயிருக்கு. ஆறுதான் இருக்கு. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றேன்.

இருங்கள், இருங்கள். அவசரப்பட்டு முகத்தைத் திருப்பாதீர்கள். என் எண்ணம் வேறு. ஐந்து மணி வரை நேரம் இருந்தது. அவனே என்னைத் தேடி வரட்டும் என்று இருந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் என்னிடம் வந்து "நோட்டீஸ், என் காகிதம் என்னாச்சு?" என்று கேட்க வேண்டும். கேட்டிருந்தால் அந்த நிமிஷமே ஓடிப்போய்க் கொடுத்திருப்பேன். மில் எதிரே டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு ஆனது. நாலரை ஆனது. அவன் வரவில்லை, ஆள் அனுப்பவில்லை. நம்பிக்கையாம். ஒருத்தனை அப்படி நம்புவதைப் போல ஓர் அவமரியாதை உண்டா? ஐந்து மணிக்கு மில் சங்கு ஊதியது. நான் இன்னொரு டீ சொன்னேன்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். 'விளக்கம் பெறப்படவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படுகிறது.' மற்றவர்கள் என்னிடம் கேட்டார்கள். "அவன் தானே நேர்ல குடுத்துக்கறேன்னான்" என்றேன். கேஸ் போட்டோம், தோற்றது. விளக்கமே தராதவனுக்காக எந்த வக்கீல் என்ன பேசுவான்? ஆனால் ஊர் என்ன பேசியது தெரியுமா? "அவன் குரலுக்கு நிர்வாகம் பயந்துடுச்சு" என்று பேசியது. நான் அவனை ஒரு படி கீழே இறக்கப் பார்த்தேன், அவன் பத்துப் படி மேலே போய்விட்டான். நான் இருபத்தெட்டு வருஷம் அந்தப் பஞ்சுத் தூசியைக் குடித்தேன். என்னை யார் தியாகி என்றார்கள்?

அவன் மைக் செட் வைத்த ஆட்டோவில் அறிவிப்புச் செய்யும் வேலைக்குப் போனான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோவில் கொடைத் திருவிழா, மாதா கோவில் தேர், காலமானார் செய்தி. ஊர் முழுக்க அவன் குரல். எங்கள் தெருவுக்கு வரும்போது தள்ளுபடியை நடுவில் நிறுத்திவிட்டு மைக்கிலேயே கேட்பான், "நோட்டீஸ், சாப்பிட்டாச்சா?" தெருவே வாசலுக்கு வந்து சிரிக்கும். இருளாயி உள்ளேயிருந்து, "ஆச்சுண்ணே" என்று கத்துவாள். அப்போதும் கவனியுங்கள், என் பெயரை அவன் சொல்லவில்லை.

அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று நாற்பது வருஷம் யோசித்தேன். தெரிந்தால் சண்டைக்கு வந்திருப்பான், வரவில்லை, ஆகவே தெரியாது, நிர்வாகம்தான் காகிதத்தை அமுக்கிவிட்டது என்று நினைத்திருப்பான். இப்படித்தான் முடிவு கட்டி வைத்திருந்தேன். மாசியில் செத்தான். அந்த முடிவும் பத்திரமாக இருந்தது. போன வாரம் ஆரோக்கியமேரி வரும் வரைக்கும்.

ஆரோக்கியமேரி அவன் பெண்சாதி. படத்திறப்புக்கு அழைக்க வீட்டுக்கு வந்தது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது, "நீங்கதான் அண்ணே பேசணும். அவருக்கு வார்த்தை குடுத்தது நீங்க. வேற ஆளு வேண்டாம்னு சாகுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு."

"எனக்கு மைக் ஒத்துக்காதும்மா" என்றேன்.

"அதையும் சொன்னாரு. 'தொண்டை அடைக்கும், நடுவுல நிறுத்துவான், நீங்க யாரும் சிரிக்காம இருங்க' அப்படின்னாரு."

இருளாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மேரி தொடர்ந்து சொன்னது. அதை அது சொன்னபடியே சொல்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. "ஒண்ணுதாண்ணே என் மனசுல கிடந்து அறுக்குது. ஆஸ்பத்திரியில படுத்த இடத்துலயே ஒரு கையெழுத்தப் போட்டுக் குடுத்து விட்டிருக்கலாமில்ல? மூணு நாள் இருந்துச்சே. புள்ளைகளுக்குக் கஞ்சி இல்லாதப்பல்லாம் அத சொல்லித்தான் அவரத் திட்டுவேன். நாப்பது வருஷம் திட்டினேன். மறந்துட்டேன் மேரி, மறந்துட்டேன்னுதான் சொல்வாரு. கடைசியா மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடந்தப்பவும் ஒரு தடவை கேட்டுட்டேன் பாவி. அப்பவும் மறந்துட்டேன்னாரு."

கையெழுத்துப் போட்டது அவனுக்கு மறக்குமா? நான் வாங்கிக்கொண்டு போனது மறக்குமா? அவனுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டு, மைக்கில் சாப்பிட்டாச்சா என்று கேட்டான். தெரிந்துகொண்டு, கட்டின பெண்சாதியிடம் நாற்பது வருஷம் மறதிக்காரன் என்று பேர் வாங்கினான்.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? அழுகை இல்லை. வெட்கம்கூட இல்லை. பொறாமை. இதிலும் முந்திவிட்டானே! பெருந்தன்மையில்கூட எனக்கு ஓர் இடம் விட்டுவைக்கவில்லையே!

மேரி போன பிறகு அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். நேற்று மத்தியானம் வரைக்கும் ஆயிற்று வலது பக்கத்தை எழுத. ஏழு தடவை எழுதிய வாக்கியத்தை ஏழு தடவை அடித்தேன். இதோ, ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிகிறது. அதற்குள் வாசித்துவிடுகிறேன், கேளுங்கள்.

முதலாவது. அன்றைக்கு அவன் பேசி முடித்துவிட்டு, "இத எழுதினது நான் இல்ல, நம்ம" என்று ஆரம்பித்தான். நான் கீழே நின்று அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தேன், சொல்லாதே என்றேன். பயம். இரண்டாவது. கோஷத்துக்கு யார் சொந்தக்காரன் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டபோது நான் கூட்டத்துக்குள் புகுந்துகொண்டேன். அவன்தான் 'என்னுது' என்றான். மூன்றாவது. பந்தலில் அவனிடம் வந்த மாலையை அவன் வாங்கினான், நேராக வந்து என் கழுத்தில் போட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மாலை வந்தது மறந்துபோய், கைதட்டு அவனுக்கு என்பது மட்டும் நாற்பத்து மூன்று வருஷம் ஞாபகம் இருக்கிறது. நான்காவது. குழந்தை அழுதபோது நான் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தேன். 'சும்மா இருக்க மாட்டியா சனியனே' என்று கத்தினேன். ஐந்தாவது. நான் ஓடிக்கொண்டிருந்தேன். முதுகில் விழாமல் வேறு எங்கே விழும்?

ஆறாவதுதான் உங்களிடம் சொல்லிவிட்டேனே.

ஏழாவது. அவன் ஊர்வலத்தில் நான் நடக்கவில்லை. டீக்கடை ஓரம் நின்று ஆட்களை எண்ணினேன். எண்ணூற்றுப் பத்து வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்தாருங்கள், இதையும் பாருங்கள். தொடாதீர்கள், மடிப்பில் உடைகிறது. மூன்று பக்கம், கார்பன் எழுத்து இல்லை, அசல். அடியில் பார்த்தீர்களா, இ. சவரிமுத்து, தேதி, புதன்கிழமை. நாற்பது வருஷம் நோட்டீஸ் கட்டுக்குள் வைத்திருந்தேன். ஏன் கிழித்துப் போடவில்லை? தெரியாது. தெரியாது என்று சொல்லவும் இந்த வாரம்தான் பழகியிருக்கிறேன். இதை இன்றைக்கு மேரி கையில் கொடுக்கப் போகிறேன். கொடுத்தால் அந்த வீட்டுக் காபி எனக்கு இனிமேல் கிடையாது. அண்ணே என்ற கூப்பாடும் கிடையாது. ஆனால் அது திட்டிய திட்டெல்லாம் தப்பான ஆளுக்குப் போயிருக்கிறது. அதைத் திருப்பி எழுத வேண்டும், சரியான ஆள் பெயருக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திலகவதி அம்மா விடமாட்டார். நேற்று இதை எழுதி முடித்ததும் எனக்குள் ஒரு குஷி வந்தது. நாளைக்கு ஊர் அவனைப் பற்றிப் பேசாது, என்னைப் பற்றித்தான் பேசும் என்று ஒரு குஷி. அவனுடைய படத்திறப்பில் அவனை ஓரம் கட்டிவிடலாம் என்று ஒரு குஷி. பார்த்தீர்களா இந்த மனசை? அதையும் வலது பக்கத்தில் எட்டாவதாக எழுதிக்கொண்டேன். தேதியோடு.

இப்போது பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். தொண்டை. மைக் முன்னால் நின்று மறுபடியும் காற்று மட்டும் வந்தால் என்ன செய்வது? அவன் சிரிக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறான், யாரும் சிரிக்க மாட்டார்கள். அது இன்னும் மோசம். அழுகிறேன் என்று நினைத்துக் கீழே இறக்கி உட்கார வைத்துவிடுவார்கள். தோளைத் தட்டுவார்கள். தண்ணீர் கொடுப்பார்கள். மேரிக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும்.

ஆகவே ஓர் உதவி செய்யுங்கள். உள் விசாரணைக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்றேன் அல்லவா? நீங்கள் ஒருவர். அம்மா, கொய்யாக்கார அம்மா, உங்களைத்தான். நீங்கள் ஒரு சாட்சி. ஒன்றும் செய்ய வேண்டாம், காதில் வாங்கினால் போதும். கையெழுத்து வேண்டாம் அம்மா, சும்மா கேளுங்கள். கண்டக்டர் தம்பி, நான் ஒரு நிமிஷம் எழுந்து நிற்கிறேன். விழ மாட்டேன், கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாட்டை மட்டும் கொஞ்சம் குறையுங்கள்.

தோழர்களே.

இருங்கள். அடைக்கிறது. ஒன்றுமில்லை, உட்கார வைக்காதீர்கள், கையை விடுங்கள்.

தோழர்களே. எண்பத்து நான்காம் வருஷம், ஆடி மாதம், வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. தோழர் சவரிமுத்து விளக்கத்தில் கையெழுத்துப் போட்டு, நேரத்துக்குக் கொடுத்தார். அதை டைம் ஆபீஸில் சேர்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர், டோக்கன் எண் நானூற்றுப் பதினேழு.

என்ன தம்பி? பின்னால் கேட்கவில்லையா? சத்தமாகவா? சரி, சத்தமாகவே சொல்கிறேன்.

டோக்கன் எண் நானூற்றுப் பதினேழு. ரிங் பிரேம், இரண்டாம் ஷிப்டு. குருவையா மகன் தவசிலிங்கம்.

நான்தான்.

தவசிலிங்கம்.